சிவப்பு அடங்காத வானம்

களத்துமேட்டில் பெண்கள் நிலக்கடலைக் கொடிகளை மடியில் இழுத்துப் போட்டுக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சூரியன் வத்தல்மலைக்குப் பின்னால் இறங்கி வெகுநேரமாயிற்று. மேற்கு வானம் மட்டும் குங்குமத்தைக் கொட்டியதுபோல் சிவந்தே கிடந்தது. செல்லிக்கு அந்த வானத்தின் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மொரப்பூர்ப் பக்கத்தில் கூலி வேலைக்கு மணி கிடையாது. கிழக்கு சிவந்தால் காட்டில் இருக்க வேண்டும். மேற்கே சிவப்பு அடங்கினால் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிடலாம். இந்த வருஷமோ சிவப்பு விடியுமுன்னே வந்து நின்றது, இருட்டியும் போக மனமில்லாமல் இழுத்தடித்தது. கூலி மட்டும் அதே கூலி. பனியும் அதிகமாகிக் கைக்குழந்தைக்குச் சளி கட்டிவிட்டதால், கால் முறிந்து படுத்திருந்த புருஷன் நாகனிடம் அதை விட்டு வந்திருந்தாள் செல்லி. மார்பில் பால் கட்டி வலித்தது.

காய் வாங்க வந்திருந்த தருமபுரி வியாபாரி அப்துல் சுபான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"பேப்பர்ல போட்டிருக்காங்க, பெரியண்ணன். கடலுக்கு அந்தாண்ட ஏதோ சீமையில மலை ஒண்ணு நெருப்பக் கக்கிருச்சாம். அந்தப் பொகையும் சாம்பலும் ஒசக்க ஏறி ஊரூரா சுத்துதாம். வெய்யில் மங்கறதும், பனி சாஸ்தியாவறதும், இந்தச் செவப்பும் அதனாலதான்னு பேசிக்கிறாங்க."

பண்ணைக்காரர் பெரியண்ணனுக்கு வாயெல்லாம் பல். "எங்கியோ மலை வெடிச்சாலும் நமக்கு நல்லதுதான் நடக்குது!"

"நல்லதுதானுங்க," என்றாள் வாய்த்துடுக்குக்காரி சாலம்மாள். "அங்க மலைக்கு வந்தது இங்க எங்க இடுப்புக்கு வந்திருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். செல்லி வேப்பமரத்தைக் காட்டினாள்.

"அய்யா, உங்க கோழியெல்லாம் எப்பவோ மரத்துல ஏறி அடைஞ்சிருச்சுங்க. அதுங்களுக்குப் பொழுது போயிருச்சு. எங்களுக்கு மட்டும் போகலீங்களா?"

சுபானுக்குச் சிரிப்பில் மோர் புரையேறியது. "கோழி பேப்பர் படிக்காது, பெரியண்ணன்! அந்தப் பொண்ணு சொல்றது நியாயந்தானே?"

வெளியாள் முன்னால் பெரியண்ணனுக்கு வேறு வழியில்லை. "செரி செரி, இனிமே கோழி அடைஞ்சாப் போங்க."

அந்த வாரம் முழுக்கச் செல்லி காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். குழந்தை வயிறு நிறையக் குடித்துத் தூங்கியது. "காலையில போனதும் மொதல்ல அந்தக் கோழிங்களுக்கு ஒரு கும்பிடு போடு" என்று நாகன் கேலி செய்தான். அவளுக்கு உள்ளபடியே கும்பிடத்தான் தோன்றியது.

சந்தைக்கு மறுநாள் மாலை வேப்பமரத்தில் ஒரு கோழிகூட இல்லை.

"வித்தாச்சு," என்றார் பெரியண்ணன், வெற்றிலையைக் குதப்பியபடி. "கோழி அடைஞ்சாப் போங்கன்னுதான சொன்னேன்? அடையட்டும்."

"காக்கா அடையுதுங்களே! அதையும் சந்தைக்குப் புடிச்சுக்கிட்டுப் போவீங்களா?" என்றாள் சாலம்மாள்.

களமே கொல்லென்று சிரித்தது. பெரியண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இன்னொரு கட்டுக் கொடியைக் காலால் நடுவே தள்ளினார். செல்லியும் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு கொடியை உருவி எடுத்தாள். மாராப்பை நனைத்து இறங்கிய பால், மடியிலிருந்த காய்களின் மேல் சொட்டியது.