சனிக்கிழமைக்கு ஒரு மேசை

சிசிலிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது.

"உப்பளம் பார்க்கலாம், கோட்டைக்கும் போகலாம். ஆனா மீன் குஸ்குஸ் சாப்பிடுறது உங்கம்மா கடையிலதான். ரோஷத்தை மூட்டை கட்டி வச்சிட்டு போன் போடுப்பா," என்றாள் மனைவி ஒர்னெல்லா.

கலோஜெரோவுக்கு அண்ணன் கஸ்பாரேயோடு பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். கடைக்குப் போன் போட்டான். எடுத்தது அண்ணன்தான். சட்டென்று குரலை மாற்றிக்கொண்டான்.

"சனிக்கிழமை ரெண்டு பேருக்கு மேசை வேணுங்க."

"கடை கிடையாதுங்க. வீட்லயே அடுப்பு மூட்டலை. அக்கம்பக்கத்துலதான் சாப்பாடு கொண்டாந்து குடுக்குறாங்க."

எந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது சிசிலிக்காரனுக்குத் தெரியாதா? முன்பின் தெரியாதவன் போலப் பேசிவிட்டு, யார் போனது என்று எப்படிக் கேட்பான்?

"அம்மாவை நாளைக்கு எடுக்குறோம்டா," என்றான் கஸ்பாரே. "வந்து சொந்தக் குரல்ல அழு."