தம்பியின் குரலை மூன்று தடவை பதிவு செய்தது

அன்று மதியம் அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: என் தம்பி, அவன் மனைவி, என் மருமகள், நான். கதவை உள்ளே தாழிட்டவன் நான்தான். வேறு யாரும் வரவில்லை.

தம்பி முப்பது வருஷம் மேடையில் பாடியவன். மறுநாள் காலை அவன் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். அன்று மாலை ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஒரே ஒரு பாட்டுப் பாடலாம், தொண்டையை வருத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனே மெட்டுப் போட்டு, எங்கும் பதிவாகாத பாட்டு ஒன்று இருந்தது. அது அவனோடு போய்விடக் கூடாது. எங்கள் குடும்பத்துக்கு நாலு பேர் மத்தியில் பெயர் இருக்கிறதென்றால் அது அந்தக் குரலால்.

மருமகளின் தொழில் ஒலிப்பதிவு. தன் லினக்ஸ் கம்ப்யூட்டரை இதற்கென்றே ஒரு வாரம் தயார் செய்திருந்தாள். கம்ப்யூட்டர் ஒலியை மொண்டு மொண்டு எடுக்கிறதாம். பெரிய பாத்திரத்தால் மொண்டால் சிந்தாது. ஆனால் பாடுகிறவனுக்குத் தன் குரல் ஹெட்போனில் தாமதித்துக் கேட்கும், தாளம் தடுமாறும். சின்னக் கிண்ணத்தால் மொண்டால் உடனே கேட்கும். ஆனால் கம்ப்யூட்டரின் கவனம் ஒரு கணம் வேறு வேலைக்குப் போனாலும் சிந்திவிடும். சிந்திய இடத்தில் ‘டிக்’ என்று வெட்டும். அதனால் ஒலிதான் முதல் வேலை என்று அதற்கு விதித்து, வைஃபையை அணைத்து, பிராசஸர் வேகம் குறையாமல் நிறுத்தியிருந்தாள். சிந்தியதை எண்ணிக் காட்டும் எண் திரையின் மூலையில் இருந்தது. முந்தின நாள் ஒரு மணி நேரம் சோதித்தபோது அது பூஜ்யத்தை விட்டு நகரவில்லை.

தம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டே மனைவியிடம், “நாளையிலேர்ந்து நீ என்ன திட்டினாலும் எதிர்ப்பேச்சு கிடையாது. கொடுத்து வெச்சவ நீ,” என்றான்.

“பேசாம பாடுங்க,” என்றாள். டம்ளரைக் கீழே வைத்தபோது தண்ணீர் தளும்பியது.

முதல் தடவை, பல்லவி முடிவதற்குள் எண் ஏழாகிவிட்டது. மருமகள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

“என்னன்னே புரியல மாமா. நேத்து ஒண்ணுகூட வரல.”

பாத்திரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தம்பி இரண்டு வரி பாடிவிட்டுத் தலையை உதறினான். “யாரோ பின்னாடி நின்னு பழிப்புக் காட்டற மாதிரி இருக்கும்மா. பழையபடியே வெச்சிடு.”

அப்போதுதான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு நீல விளக்கு துடிப்பதைப் பார்த்தேன். அது துடிக்கும்போதெல்லாம் மூலையில் எண் ஏறியது. அது நான் சொருகிய டிஸ்க்கின் விளக்கு.

நான் கோர்ட்டில் ஆவணக் காப்பாளனாக இருந்தவன். எதையும் ஒரே பிரதியாக விட்டுவைக்க எனக்குப் பயம். அன்று காலை மருமகள் குளிக்கப் போயிருந்தபோது, ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி, பதிவு ஃபோல்டர் முழுவதையும் நிமிஷத்துக்கு ஒருமுறை அதில் நகலெடுக்கும்படி எழுதி வைத்தேன். லினக்ஸில் அது ஒரே வரிக் கட்டளை. அவளிடமே கற்றது.

சொல்லியிருக்க வேண்டும். நாக்கு எழவில்லை. என் கையால் ஒன்று கெட்டது என்று இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. தானாக நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவை தம்பி முழுப்பாட்டையும் பாடினான். மேடையில்கூட அவன் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. பாடி முடிந்தபோது எண் நாற்பத்தொன்று. மருமகள் போட்டுக் காட்டினாள். குரலின் ஊடே டிக், டிக் என்று வெட்டிக்கொண்டே போயிற்று.

“இதுதானா எங்களுக்கு மிஞ்சப்போறது?” என்றாள் தம்பி மனைவி.

“அந்த இடத்தை மட்டும் ஒட்ட முடியாதாம்மா?” என்று கேட்டேன்.

“சிந்தின இடத்துல ஒண்ணுமே இல்லையே மாமா. எதை வெச்சு ஒட்டறது?”

மணி நாலே கால். தம்பி கழுத்தைப் பிடித்தபடி, இன்னொரு தடவை என்று ஒரு விரல் காட்டினான். இனி மௌனமாக இருந்தால் அந்தக் குரலை நானே கொன்றவனாவேன்.

“பின்னாடி டிஸ்க் இருக்கு பாரும்மா. நான் சொருகினது. நிமிஷத்துக்கு ஒரு தடவை காப்பி எடுக்கும்.”

அவள் திரும்பினாள். “அதுதான் காரணம்னு எப்பத் தெரிஞ்சது உங்களுக்கு?”

“முதல் தடவையிலேயே.”

தம்பிதான் கரகரத்த குரலில் சொன்னான்: “விடும்மா. அண்ணன் என்னையே ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கப் பார்த்திருக்காரு.”

அவள் நான் எழுதிய வரியை அழித்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றினாள். தம்பி மூன்றாவது தடவை பாடினான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது சரணத்தில் மேலே போகும் இடத்தில் குரல் உடைந்தது. ஒரு மூச்சு நின்றான். பிறகு விட்ட இடத்திலிருந்து பிடித்து முடித்தான். எண் பூஜ்யம். அவன் ஹெட்போனைக் கழற்றினான். மனைவி ஆஸ்பத்திரிப் பையை எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பதிவை இப்போது பலரும் கேட்டிருக்கிறார்கள். சரணத்தில் குரல் உடைவது கம்ப்யூட்டர் கோளாறு என்றும், என் மருமகளுக்கு வேலை தெரியாது என்றும் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். மூன்றாவது தடவை கம்ப்யூட்டர் எதையும் சிந்தவில்லை. உடைந்தது என் தம்பியின் குரல். நான் வாயை மூடிக்கொண்டு அவனை இரண்டாவது தடவை பாடவிட்டேன். அதில் களைத்துப்போன குரல் அது.