நீக்கியதை மட்டும்

அப்பாவின் அலமாரியில், சட்டைகளுக்கு அடியில், அந்த இசைத்தட்டு இருந்தது. அலுமினியத் தகட்டின் மேல் கறுப்பு அரக்குப் பூச்சு. நடுவில் ஒட்டிய தாளில் அம்மாவின் கையெழுத்து: பிள்ளைகளுக்கு.

அது பாட்டுத்தட்டு அல்ல. அந்தக் காலத்தில் சில கடைகளில் கண்ணாடிக் கதவு போட்ட சிறிய அறைகள் இருந்தன. உள்ளே உட்கார்ந்து பேசினால், பேசப் பேச ஒரு ஊசி தட்டில் வரி கீறும். மூன்று நிமிடம். ஒரே பிரதி.

அப்பா இருந்தவரை அதை யாரும் ஓடவிட்டதில்லை. "நான் கண்ண மூடினதுக்கு அப்புறம் என்னமோ பண்ணிக்கோங்க" என்பார். அவர் கண் மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது.

அந்தத் தட்டில் அம்மா பேசியபோது அக்காவுக்கு ஆறு வயது. அவனுக்கு மூன்று மாதம். அடுத்த வாரம் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பவில்லை. அவள் குரல் அக்காவுக்கு நினைவிருந்தது. அவனுக்கு நினைவில் வைக்க எதுவும் இல்லை. ஐம்பத்தாறு வயதிலும் அவனுக்கு ஒரே கேள்விதான். அந்த மூன்று நிமிடத்தில் தனக்கென்று ஒரு வார்த்தையாவது இருக்கிறதா?

"இருக்கும்டா. பிள்ளைகளுக்குன்னுதானே எழுதியிருக்கா. பிள்ளைக்குன்னு எழுதலையே" என்றாள் அக்கா.

அவன் ஆஸ்பத்திரியில் காது பரிசோதிப்பவன். சத்தம் புகாத அறையில் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வான். வீட்டில், ஓய்வு நேரத்தில், பழைய இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றுவான். தெரிந்தவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். இருநூறுக்கு மேல் மாற்றியிருப்பான்.

ஆகவே இந்தத் தட்டைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. பூச்சு எங்கும் மயிரிழை வெடிப்புகள். ஓரத்தில் செதில் எழும்பியிருந்தது. ஊசி ஒருமுறைதான் போக முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வந்தாள். அவன் ஜன்னலைச் சாத்தினான். மின்விசிறியை நிறுத்தினான். ஒலிபெருக்கியையும் அணைத்தான். அதன் அதிர்வு ஊசியைத் தொடக்கூடாது.

"தும்மல் வந்தா என்ன பண்றது?"

"முழுங்கிடு."

அவன் ஹெட்போனை எடுத்தான். அக்கா அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ மட்டும் முதல்ல கேக்கறதெல்லாம் நடக்காது. ரெண்டு பேரும் சேர்ந்துதான்."

"வேலைக்கு வேணும்க்கா."

"சேர்ந்துதான்."

எனவே அந்தத் தட்டு ஓடியபோது அதை யாரும் கேட்கவில்லை. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு விநாடி, கோடு தட்டையாக ஓடியது. பிறகு எழுந்தது, விழுந்தது, எழுந்தது. மூன்று நிமிடம் பதினொரு விநாடி. ஊசியைத் தூக்கியபோது அதனோடு ஒரு கறுப்புச் சுருள் வந்தது. தட்டில் வரி இருந்த இடத்தில் அலுமினியம் மின்னியது.

"போச்சா?"

"தட்டு போச்சு. உள்ள வந்துடுச்சு."

இரண்டு பிரதி எடுத்துவைத்தான். பிறகு இரைச்சலை நீக்க உட்கார்ந்தான். அதற்கு ஒரு முறை இருக்கிறது. பேச்சு தொடங்குவதற்கு முன் வெறும் வரி ஓடும் இடத்தை மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். இதுதான் இரைச்சல் என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு பதிவு முழுக்க அதைப் போல இருப்பதையெல்லாம் எடுத்துவிடும். காட்டுவதற்கு முன் அந்த இடத்தை அவன் எப்போதும் காதால் கேட்டுப் பார்ப்பான். ஹெட்போன் அக்காவின் மடியில் இருந்தது. கோடு தட்டையாக இருந்தது. முதல் இரண்டு விநாடியைக் குறித்துக் கொடுத்தான்.

ஒலிபெருக்கியைப் போட்டான்.

"குருவி" என்றது ஒரு பெண் குரல். அவன் நினைத்ததைவிட இளைய குரல். அவன் மகளின் குரல் என்று சொல்லலாம். "குருவி, தினம் தலை சீவிக்கோ."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பாவைப் படுத்தாத. கணக்கு வரலைன்னா அழாத, குருவி. எனக்கும்தான் வரலை."

முடிந்தது. மறுபடி கேட்டார்கள். குருவி பதினொரு முறை வந்தாள். அவன் ஒருமுறைகூட வரவில்லை.

"அவளுக்கு அப்புறம் யாருமே என்னைக் குருவின்னு கூப்பிடலை" என்றாள் அக்கா. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "டேய். கைக்குழந்தைகிட்ட என்னடா பேசுவா? ஊர் நியாயமா?"

"தம்பியப் பார்த்துக்கோன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லாமலே பார்த்துக்கிட்டேனா இல்லையா?"

அவன் தலையாட்டினான்.

"ஆனா ஒண்ணு" என்றாள். "ஏன் இப்படி விட்டு விட்டுப் பேசறா? தலை சீவிக்கோங்கறா. அப்புறம் சத்தமே இல்ல. அப்புறம் அப்பாங்கறா. நடுவுல யார்கிட்டயோ பேசிட்டு வர்ற மாதிரி."

அவனும் கவனித்திருந்தான். இடைவெளிகளில் எதுவும் இல்லை. சிறு கரகரப்புகூட இல்லை. இரைச்சலை நீக்கினாலும், இவ்வளவு பழைய தட்டில் அப்படி இருக்காது.

மென்பொருளில் ஒரு வசதி உண்டு. நீக்கியதை மட்டும் கேட்கலாம். குரலும் சேர்ந்து போய்விட்டதா என்று பார்ப்பதற்கு. அதை அழுத்தினான். அறை முழுக்க இரைச்சல்.

"மழை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா முகம் கழுவப் போனாள்.

அவன் ஹெட்போனை மாட்டினான். மழைதான். மழைக்குள் ஏதோ இருந்தது.

கிசுகிசுப்புக்குச் சுருதி கிடையாது. வெறும் காற்று. மென்பொருளுக்கு அதுவும் இரைச்சலும் ஒன்றுதான். முதல் இரண்டு விநாடியிலேயே அது இருந்திருக்கிறது. அவன்தான் அதைக் காட்டிக் கொடுத்து, எடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறான்.

"மூச்சு விடு, கண்ணா" என்றாள் அம்மா. "விடு. ம். இன்னொண்ணு."

எங்கோ தூரத்தில் குருவி, தலை, சீவிக்கோ. பிறகு மறுபடி காதுக்குள்.

"மூச்சு விடு. அம்மா சொல்றேன்ல. ம். சமத்து."

அக்கா தேநீரோடு வந்தாள். அவன் ஒரு காதை மட்டும் விடுவித்தான்.

"அக்கா, அன்னிக்கு நான் எங்க இருந்தேன்?"

"அந்த ரூமுக்குள்ளதான். அம்மா மடில. நானும் அப்பாவும் வெளிய. நான் கண்ணாடில மூக்கை அழுத்தி அவளுக்கு அழகு காட்டிட்டு இருந்தேன்."

"வெளிய வந்தப்புறம்?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்பா உன்னப் பிடுங்கிட்டு ஓடினார். நீ நீலமா இருந்த. தெருக்கோடி டாக்டர்கிட்ட."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"பிழைச்சிட்ட. அப்புறம் என்னத்தச் சொல்றது?"

"அவ கதவத் தட்டவே இல்ல. மூணு நிமிஷம். முழுசாப் பேசி முடிச்சிருக்கா."

"என்னடா சொல்ற?"

அவளுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டான். அவள் கண்ணை மூடி, முழுவதும் கேட்டாள்.

"மழைதான் கேக்குது. என் காதுல சன்னமான சத்தமெல்லாம் போயிடுச்சுன்னு நீதானே டெஸ்ட் பண்ணிச் சொன்ன? என்ன இருக்கு அதுல?"

"ஒண்ணுமில்ல. மழைதான்."

மதியம் அவள் கிளம்பினாள். சுத்தமான பதிவை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தான். படியில் இறங்கும்போதே அதைப் போட்டுவிட்டாள். குருவி, குருவி என்று கீழே போனது.

அவன் மறுபடி உட்கார்ந்து கேட்டான். எண்ணினான். 'விடு' நாற்பத்தொரு முறை. எல்லாம் அவனுக்கு. தனக்கென்று ஒரு வார்த்தை கேட்டவனுக்கு, ஒரே வார்த்தை நாற்பத்தொரு முறை கிடைத்திருந்தது.

மூன்றாவது முறை கேட்டபோதுதான் தன் மார்பைக் கவனித்தான். அவள் சொல்லும்போது அது எழுந்தது. சொல்லாதபோது அசையவில்லை. தற்செயல் என்று நினைத்தான். பரிசோதிப்பவனுக்கு அதைப் பரிசோதிப்பது சுலபம். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

மூச்சு வரவில்லை.

அவன் அடக்கவில்லை. அடைப்பும் இல்லை, வலியும் இல்லை. உடம்பு சும்மா உட்கார்ந்திருந்தது, யாரோ சொல்லட்டும் என்பதைப் போல. விடு என்று தானே சொல்லிப் பார்த்தான். சொல்வதற்கும் காற்று வேண்டியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. கடிகாரத்தில் முப்பது விநாடி போனது. நாற்பது. திரையின் ஓரங்கள் இருண்டன.

ஹெட்போனை மாட்டினான்.

"விடு, கண்ணா" என்றாள். நெஞ்சு நிரம்பியது. "ம். சமத்து."

முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி வைத்தான். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். யாரோ தெருவில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். அவன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

அழைப்பு மணி அடித்தது. பிறகு கதவைத் தட்டும் சத்தம்.

"டேய், நான்தான். கண்ணாடிய விட்டுட்டுப் போயிட்டேன். திற."

ஹெட்போனின் வயர் ஆறடி. கதவு அதைவிடத் தூரம். அம்மா சொல்லும்வரை காத்திருந்தான். சொன்னாள். முடிந்த அளவு இழுத்துக்கொண்டு, கழற்றி வைத்து, நடந்தான். கூடம். செருப்புகள். தாழ்ப்பாள் இரண்டாவது முறைதான் விலகியது.

அக்கா அவனைத் தாண்டி உள்ளே போகப் பார்த்து, நின்றாள்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? உதடெல்லாம் என்ன இது?"

அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். பதில் சொல்ல உள்ளே எதுவும் மிச்சமில்லை. அவள் பையைக் கீழே போட்டுவிட்டு அவன் தோளிரண்டையும் பிடித்தாள். அவள் முகம் அருகில் வந்து, ஆறு வயது முகமாகி, மங்கியது.

"டேய். டேய், என்னைப் பாரு. மூச்சு விடு."

விட்டான்.

"ம். இன்னொண்ணு. விடு."

விட்டான். அந்த மூச்சில் பேச முடிந்தது.

"போகாதக்கா" என்றான்.