கேட்டுக்கு வெளியே

மாரியம்மன் படத்துக்கு முன்னால் காளியம்மை இரண்டாவது விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது பாலையா வேலை முடிந்து வந்தார். இது எதற்கு என்று கேட்டார்.

"அமெரிக்காக்காரன் ஜெயிக்கணும்னு."

பாலையா மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கார்ப்பரேஷனுக்குக் குப்பை அள்ளுகிறவர். போன வருஷம் ஈராக்குக்குள் படை புகுந்தபோது, யூனியன்காரர்களோடு கொடி பிடித்துத் தோப்பும்படி வரை நடந்தவர்.

"அடுத்தவன் ஊருக்குள்ள புகுந்தவனுக்கா விளக்கு வெக்கறே?"

"புகுந்தவன் முற்றத்துலதானே எம் புள்ள நிக்கறான்."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மகன் அனூப் குவைத்தில் ஹோட்டல் வேலை என்று போனவன். போன இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, லாரியில் ஏற்றி, எல்லை தாண்டி ஈராக்கில் ஒரு அமெரிக்க ராணுவ முகாமின் சமையல்கூடத்தில் இறக்கிவிட்டார்கள். யுத்தம் முழுசாக முடிந்ததும் ஊருக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அது தெரிந்த நாளிலிருந்து பாலையாவுக்குச் சாயாக்கடையில் உட்கார முடியவில்லை. எங்கோ ராணுவ லாரி எரிந்தது என்று யாராவது பேப்பரை உரக்க வாசிப்பார்கள். படை தோற்க ஆரம்பித்துவிட்டது என்று பெஞ்சு முழுவதும் சந்தோஷப்படும். அவர்கள் சொல்வது நியாயம்தான் என்று அவருக்கும் தெரியும். அந்த ஊர்க்காரன் தன் ஊருக்காகச் சண்டை போடுகிறான். ஆனாலும் எரிந்த லாரியில் அரிசி மூட்டை இருந்ததா, கூட யார் போனது என்றுதான் மனசு ஓடும். படை ஜெயிக்கட்டும் என்று நினைத்துவிட்டு, நினைத்ததற்குக் கூசி, சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு போனுக்கு அனூப் கூப்பிட்டான்.

"அவங்க ஜெயிச்சாச்சாடா?" என்று பாலையா முதலில் அதைத்தான் கேட்டார்.

"ஜெயிச்சாச்சுன்னுதான் சொல்றாங்கப்பா. ஆனா முகாம் கேட்டுக்கு வெளியே ஒரு பட்டாளக்காரனும் எறங்க மாட்டேங்கறான். போனா டேங்க்லதான் போறான். ராத்திரி குண்டு விழும்போது அவனும் எங்க கூடத்தான் மேசைக்கடியில படுக்கறான்."

காளியம்மை ரிசீவரைப் பிடுங்கி, சாப்பிட்டியா என்றாள். சமையல்காரனிடம் கேட்கிற கேள்வியா என்று அவன் சிரித்தான். சிரிப்பின் நடுவில் லைன் போய்விட்டது.

அதற்கப்புறம் போன் வரவில்லை. மழைக்காலம் தொடங்கிய பிறகு, ஒரு முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் குண்டு விழுந்ததாக டிவியில் சொன்னார்கள். செத்த படைவீரர்களின் பேர் வந்தது. வேலைக்காரர்களும் இருந்தார்கள் என்றார்கள்; அவர்கள் பேர் வரவில்லை.

இருவரும் மறுநாள் காலை படகேறி எறணாகுளத்துக்கு ஏஜெண்டைப் பார்க்கப் போனார்கள். அவன் மரியாதையாக நாற்காலி போட்டான்.

"பயப்படேண்டா சேட்டா. யுத்தம் எப்பவோ தீர்ந்நு. அமெரிக்க ஜயிச்சு. அவிடெ ஒரு குழப்பவுமில்லா."

"அப்ப எம் மகனை அனுப்பிடச் சொல்லு."

ஏஜெண்டு மேசைமேல் காகிதங்களை அழுத்தியிருந்த கண்ணாடிக் குண்டை நகர்த்தி வைத்தான்.

"அது... இப்போ அனுப்பான் பற்றில்லா. ரோடெல்லாம் சண்டையாணு. யுத்தம் தீரட்டே."

எப்பவோ முடிந்த யுத்தம் இனிமேல்தான் முடிய வேண்டுமாம். பாலையாவுக்கு அவனை அடிக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. அடித்தால் அனூப்பைப் பற்றி விசாரிக்க இந்த ஒரு ஆளும் இல்லாமல் போவான். காளியம்மைதான் எழுந்து, "உயிரோட இருக்கானான்னு மட்டும் கேட்டுச் சொல்லு மோனே" என்றாள். அவன் கேட்டுச் சொல்வதாகத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலில் ஒன்றுமில்லை என்பது இருவருக்கும் புரிந்தது.

படகுத்துறைப் பெட்டிக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ராணுவ அதிகாரி முகாமுக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றான்?" என்றாள் காளியம்மை.

கீழே ஓடிய மலையாள வரியைப் பாலையா எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஜெயிச்சிட்டோம்ங்கறான்."

அதிகாரிக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஒல்லியான ஒருவன் பெரிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போனான். முகம் தெரிவதற்குள் படத்தின் ஓரத்தைத் தாண்டிவிட்டான். மட்டாஞ்சேரி படகு வந்து மணி அடித்தது. காளியம்மை கடைக்குள் ஏறி, அவன் போன பக்கமாகக் கழுத்தை நீட்டி, டிவிப் பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தாள்.