பெயர் மாறிய பெல் ஏர்

கெலுகோர் புஷ்பவள்ளி சரியான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பழைய அமெரிக்கக் கார்கள் முன்விளக்கைப் போட்டுப் பதில் சொல்லும். வருடமோ மாடலோ பிசகினால் சொல்லாது. பினாங்கில் இதை யாரும் இப்போது பெரிதாகப் பேசுவதில்லை.

அவளுடைய கணவர் மோகனராஜ் மெக்கானிக். பைராம் தோட்டத்துக் கொட்டகை ஒன்றில் கோழிகள் முட்டையிட்டுக் கொண்டிருந்த 1957 செவ்ரோலே பெல் ஏர் ஒன்றை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளாகவே சேர்த்துப் பதினோரு வருடத்தில் அதை ஓட வைத்தார். பின்பக்க இறக்கைக்குக் கீழே ஓடும் அலுமினியப் பட்டையைத் தேய்ப்பதற்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுவதும் செலவானது. கார் ஓடிய நான்காம் மாதம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள், பழைய கார் சங்கத்தின் தலைவனும் அவருடைய கூட்டாளியுமான கபிலன் வந்தான். காரைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினான். "இது பெல் ஏர் இல்லக்கா. டூ-டென். அண்ணனுக்கு யாரோ தப்பாச் சொல்லிட்டாங்க" என்றான். பெல் ஏர் என்றால் பணக்காரர்களுக்கு என்று செய்தது, டூ-டென் அதற்கு ஒரு படி கீழே என்றும் விளக்கினான். புஷ்பவள்ளிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கணவர் ஏமாந்துபோனவர் என்ற வெட்கத்தோடு, கபிலன் கொடுத்த விலைக்கே காரை அவனுக்கு விற்றுக் கையெழுத்துப் போட்டாள். மறுவருடம் அதே கார் 'பெல் ஏர்' என்ற பெயரில் முதல் பரிசு வாங்கிய படம் பேப்பரில் வந்தது.

அன்றிலிருந்து ஆறு வருடம் அவள் வேறெதையும் படிக்கவில்லை. பல்கலைக்கழக கேண்டீனில் வேலை முடிந்ததும் பழைய விற்பனைப் புத்தகங்களோடு உட்கார்ந்துவிடுவாள். தங்க நிறக் கிரில்லும் அந்த அலுமினியப் பட்டையும் பெல் ஏருக்கு மட்டுமே உண்டு என்று கற்றாள். ஃபேர்லேன் வேறு, ஃபேர்லேன் 500 வேறு என்று கற்றாள். பெல்விடியரையும் சவோயையும் பக்கத்துக் கோடுகளை வைத்தே பிரித்தாள். ஒருநாள் பர்மா ரோட்டில் இம்பாலா என்று எழுதிய 1960 செவ்ரோலே நின்றது. பின்னால் பக்கத்துக்கு மூன்று விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "நீ இம்பாலா இல்ல, பிஸ்கேன்" என்று கீழ்ப்படி மாடலின் பெயரை மெதுவாகச் சொன்னாள். ஆளில்லாத கார் விளக்கைப் போட்டது. புஷ்பவள்ளி தலையசைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

போன வருடம் ஜூன் மாதக் கண்காட்சிக்கு எஸ்பிளனேட் திடலுக்குப் போனபோது, பெல் ஏர் என்று கூப்பிட்டுக் காரை வீட்டுக்கு அழைத்து வந்துவிடத்தான் நினைத்திருந்தாள். நடுவர் அக்மல் நோட்டுப் புத்தகத்தோடு காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கபிலன் அவளைப் பார்த்ததும் சிரித்தான். "அக்கா, உங்க பழைய டூ-டென் ஸ்கிராப்புக்குப் போயிருச்சுலா. இது வேற வண்டி" என்றான்.

புஷ்பவள்ளி அலுமினியப் பட்டையின் மேல் கை வைத்தாள். மோகனராஜின் ஒரு மழைக்காலம் அதில் சில்லென்று இருந்தது. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "டூ-டென்" என்றாள். கார் அசையவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது எஞ்சின் ஒரு தடவை விம்மியது. தப்பான பெயருக்கு எந்தக் காரும் இணங்காது என்பது அவளுக்குத் தெரியும். இது வீட்டுக் கார், அவள் கேட்டால் செய்யும் என்பதும் தெரியும். மூன்றாம் முறை சொல்லும்போது குரல் உடைந்தது. முன்கிரில்லின் தங்க நிறம் வெள்ளியானது. பெல் ஏர் என்ற தங்க எழுத்துகள் ஒவ்வொன்றாகப் புல்லில் விழுந்தன. கடைசியில் பட்டை சுருண்டு கழன்றது. அக்மல் குனிந்து பார்த்தார். சேஸித் தகட்டின் எண்ணும் மாறியிருந்தது. அவர் பெல் ஏர் என்பதை அடித்துவிட்டு டூ-டென் என்று எழுதிக்கொண்டு அடுத்த காருக்குப் போனார். புஷ்பவள்ளி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அழுதாள்.

கபிலன் புதுப் பட்டை வாங்கி மாட்டினான். ஒரு வாரத்தில் விழுந்தது. அவனுடைய மற்ற கார்களும் அன்று திடலில் அவள் கண் பட்ட வரிசையிலேயே ஒவ்வொரு படி கீழ் மாடலுக்கு இறங்கின. சங்கத்தில் தலைவர் பதவி போயிற்று. தீபாவளிக்கு முந்தின வாரம் கெலுகோரில் அவள் வீட்டுக்கு வந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு தடவ பெல் ஏர்னு கூப்பிடுங்கக்கா. வண்டிய இங்கயே விட்டுட்டுப் போயிர்றேன்."

வாசலில் நின்ற காரைப் புஷ்பவள்ளி பார்த்தாள். அவளுக்கு அது வேண்டும்தான்.

"நீ வெச்ச பேருதானே தம்பி. நீயே ஓட்டு" என்றாள்.

மற்ற கார்களை விற்றுவிட்ட கபிலன் இப்போது அதில்தான் பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் ஊருக்கு வேலைக்குப் போய் வருகிறான். பாலத்தின் நெரிசலில் யாராவது கண்ணாடியை இறக்கி என்ன மாடல் என்று கேட்டால், டூ-டென் என்கிறான். வேறு பெயர் சொன்னால் எஞ்சின் நின்றுவிடுகிறது.