புகைக்கு வழி

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஜுபைர் பாய் கடையில் நின்று என் வீட்டுப் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். பாய் பழைய சாமான் வியாபாரி. இடிக்கிற பங்களா, மூடுகிற லாட்ஜ் எதுவானாலும் அங்கிருந்து கதவு, சன்னல், கண்ணாடி என்று அள்ளிக்கொண்டு வந்து குவித்துவிடுவார். பூம்பாறையில் எங்கள் வீட்டைத் திருத்திக் கட்டியபோது பாதிச் சாமான் அவரிடம்தான் வாங்கினோம். இப்போது மடக்கு மேசைக்கு ஒரு ஜோடி கீல் வேண்டும் என்று வந்திருந்தேன்.

"வீடு எப்படிம்மா இருக்கு?" என்று அவர் கேட்டுவிட்டார். அவ்வளவுதான், என் வாய்க்குப் பூட்டு கிடையாது.

பின்னே? சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சிறுகக் கட்டுவது எப்படி என்று எவராவது சொன்னார்களா? நானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கொடைக்கானலில் ஒரு ரிசார்ட்டில் ரூம் சுத்தம் பண்ணுகிற வேலை எனக்கு. வெளியே பல் கிட்டுகிற குளிரானாலும் அந்த ரூம்களுக்குள் ஸ்வெட்டர் தேவைப்படாது. ஏன் என்று துடைக்கிறபோதே நோட்டம் விட்டேன். சன்னலுக்கு இரண்டு கண்ணாடி, நடுவில் விரற்கடை இடைவெளி. சுவரில் பலகைக்குப் பின்னால் தெர்மாகோல். கதவோரத்தில் ரப்பர் பட்டை. காற்று நுழைய ஒரு பொட்டு இடுக்குக் கிடையாது.

அதையே எங்கள் வீட்டில் செய்தேன். ஒரு ஹாலும் ஒரு சின்ன அறையும்தான் வீடு. கட்டில் சுவரோடு மடங்கும். கதவைத் திறந்தால் இடம் அடைக்கும் என்று, லாட்ஜிலிருந்து வந்த தள்ளுகதவை வாசலுக்கே போட்டேன். விறகடுப்பை எடுத்துவிட்டு வெளியே பக்கச் சாய்ப்பில் கேஸ் அடுப்பு வைத்தேன். வீட்டுக்குள்ளிருந்து சாய்ப்புக்கு வழி விட்டால் சூடு போய்விடும் என்று அந்தக் கதவையும் வேண்டாம் என்றேன். தகரக் கூரைக்கு அடியில் பலகை அடித்து, அதன் கீழே பூண்டுக்குப் பரண். கொத்தனார் கூரையோரம் ஒரு ஓட்டை விடலாமா என்று கேட்டார். ரிசார்ட்டில் இல்லாத ஓட்டை எனக்கு எதற்கு என்று ஒரே போடாகப் போட்டேன்.

எல்லாம் தாரணிக்காக. என் மகள். பால்வாடிக்குப் போகிற வயது. பனி விழ ஆரம்பித்தால் போதும், அவளுக்கு இளைப்பு வந்துவிடும். நெஞ்சு விசில் அடிக்கும். பழைய வீட்டில் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைகிற சந்து. எத்தனை கம்பளி போர்த்தினாலும் பிள்ளை நடுங்குவாள்.

பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கீலைத் தாளில் சுற்றினார். "நல்லாத்தான் பண்ணிருக்கீங்க. ஆனா பூண்டுக்குப் புகை போடுவீங்கள்ல, அந்தப் புகை எங்கிட்டுப் போகும்?"

"பரணுக்குத்தான்" என்றேன்.

"பரணுக்குப் போயி?"

கீலுக்குக் காசு எடுக்கப் பையைத் திறந்தேன்.

எங்கள் ஊரில் விதைப்பூண்டைக் கட்டுக் கட்டாகப் பரணில் தொங்கவிட்டு அடியில் புகை மூட்டுவோம். புகை பட்ட பூண்டுதான் அடுத்த நடவுவரை அழுகாமல் கிடக்கும். முன்பு சமையல் அடுப்புப் புகையே போதும். இப்போது வீட்டுக்குள் அடுப்பு இல்லை. அதனால் வெளியே எரித்த விறகின் கங்குகளை இரும்புச் சட்டியில் அள்ளிப் போட்டு, மேலே கொஞ்சம் தழை தூவி, பரணுக்குக் கீழே வையுங்கள் என்று அன்றைக்குக் காலையில்தான் சின்னத்தாயி மதினியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா, எங்களோடு இருக்கிறார். பொறி பறந்து தெர்மாகோலில் பட்டுவிடக் கூடாது, சட்டி பக்கத்திலேயே இருங்கள் என்றும் சொல்லியிருந்தேன்.

"கங்க உள்ள வச்சிருக்காங்களா?" பாய் தாளைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, புகையக்கூட நம்பலாம். கண்ணு எரியும், ஆளு எந்திரிச்சு ஓடிரும். கங்க நம்பக் கூடாது. போன வருசம் குளுருதுன்னு ஒரு ரூமுக்குள்ள கரியடுப்ப வச்சுட்டுப் படுத்தாங்க. படுத்தவங்க எந்திரிக்கல. கங்குலருந்து வர்ற வெசக்காத்து ஒரு வாடையும் அடிக்காதும்மா."

"அந்த ரிசார்ட்டுல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். ரிசார்ட்டில் கரண்ட் ஹீட்டர். அங்கே நெருப்பே கிடையாது. இத்தனை நாள் அந்த ரூம்களைத் துடைத்தும் அது என் மண்டையில் ஏறவில்லை.

மதினிக்குப் போன் போட்டேன். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. பூஜை லீவு, பால்வாடி கிடையாது. மழை பெய்கிறது, தாரணி வெளியே விளையாடப் போயிருக்க மாட்டாள். போகவும் விடாதீர்கள் என்று சொன்னதே நான்தான். கிளம்புகிறபோது மதினி கதவை ஒருக்களித்து வைத்திருந்தார். "கதவத் தெறந்து போடாதீங்க மதினி! எத்தன தடவ சொல்றது? சேத்து வச்ச சூடெல்லாம் தெருவுக்குப் போகுது" என்று கத்திவிட்டு வந்தேன். நான் கத்தினால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

பாய் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு என்னை ஏற்றி பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார். பூம்பாறை பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. ஓடிப் போய்த் தொற்றினேன்.

வீட்டுக்காரர் பொன்னுவேல் கேரட் லோடோடு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் உடைந்துவிட்டது. "நான் இங்கன நிக்கிறேனே ரோகிணி, நான் என்ன செய்ய? பக்கத்து வீட்டு வேலுத்தாயிக்கு அடிச்சுப் பாரு."

வேலுத்தாயி மலைச்சரிவில் தூரத்துத் தோட்டத்தில் இருப்பாள். அங்கே சிக்னல் கிடையாது. தெருவில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள்.

பைன் மரக் காட்டுக்குப் பக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டியவரை டூரிஸ்ட் வண்டிகள். மழையிலும் குடை பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். ஒருவன் காரை ரோட்டின் நடுவிலேயே நிறுத்திவிட்டு மக்காச்சோளம் வாங்கிக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கிப் போய் அவன் கார் கண்ணாடியில் ஓங்கித் தட்டினேன். "எம் புள்ள சாகக் கெடக்கு, வண்டிய எடுடா!" என்று கத்தினேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. அவன் சோளத்தைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான். நான் ரோட்டிலேயே அழுதேன்.

கண்டக்டர் மனோஜ்குமார் எங்கள் பக்கத்து ஆள். என்னைக் கையைப் பிடித்து ஏற்றினார். "அக்கா, ஸ்டாப்புல டீக்கடை போட்டுருக்காரே இராமலிங்கம் அண்ணன், அவரு கடைய விட்டு நகர மாட்டாரு. அவருக்கு அடிக்கிறேன்" என்றார். எனக்கு அந்த யோசனையே வரவில்லை.

இராமலிங்கம் உடனே எடுத்தார். மனோஜ்குமார் ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைக் கேட்டதும், "மேலத்தெருவுக்குத்தான? ஓடுறேன்" என்றார். போன் கட்டாயிற்று.

பஸ் ஏறி இறங்கித் திரும்பியது. மூடுபனியில் டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். பூசாரிபோல் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த ஒரு பெரியவர் எங்கள் ஊர் முருகனை, "குழந்தை வேலப்பா" என்று கூப்பிட்டு முணுமுணுத்தார். நான் ஒவ்வொரு வளைவுக்கும் மதினிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. அடிக்கிறதே என்று ஒரு நிம்மதி, எடுக்கவில்லையே என்று ஒரு பயம். போனை எடுக்கக் கையைத் தூக்க முடியாமல் இரண்டு பேரும் தரையில் கிடப்பதுபோல் மனசுக்குள் வந்துகொண்டே இருந்தது.

இராமலிங்கம் திருப்பிக் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. "ஏத்தா, கதவத் தட்டிட்டேன். தெறக்கல. தள்ளிப் பாத்தேன், அசையல. மழைக்குப் பலகை ஊதிக்கிச்சு போல. உள்ளருந்து சத்தமே இல்ல."

"சன்னல்ல பாருங்கண்ணே!"

"முன்னாடி சன்னல்ல ஒண்ணும் தெரியலத்தா, கரியா அப்பிக் கெடக்கு. பின்னாடி போகணும்னா தோட்டத்தச் சுத்திப் போகணும், அதுக்கு நேரமில்ல. ரெண்டு பேரு வந்துருக்காக, கடப்பாரை எடுத்துட்டு வரச் சொல்லிருக்கேன். நீ வெரசா வா."

ஊதாத மரமாகப் பார்த்துப் போட்டிருக்கலாம். சாதாரணக் கதவாகப் போட்டிருந்தால் ஒரு உதையில் திறந்திருக்கும். இடம் மிச்சம் பிடித்தேன், சூடு மிச்சம் பிடித்தேன், மூச்சுக்கு மட்டும் கணக்குப் பார்க்காமல் விட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டவள் நான், முழுகினது என் பிள்ளையா என்று தலையில் அடித்துக்கொண்டேன். மனோஜ்குமார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்டாப்பில் இறங்கி மேலத்தெருவுக்கு ஏறினேன். கல்படியில் இரண்டு தரம் விழுந்தேன். வீட்டு முன்னால் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். இராமலிங்கமும் இன்னொருவரும் கடப்பாரையைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்ததும் பலகை சடசடவென்று முறிந்து உள்பக்கமாக விழுந்தது. கங்கின் அனலும் கருகின தழை நாற்றமும் முகத்தில் அடித்தன. இராமலிங்கம் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளச் சொன்னார். அதற்குள் நான் உள்ளே போய்விட்டேன்.

ஹாலில் சட்டி மட்டும் இருந்தது. கங்கு இன்னும் சிவப்பாகக் கிடந்தது. சின்ன அறைக்குள் ஓடினேன். தாரணியின் ஸ்வெட்டர் ஒன்று கிடந்தது, அவள் இல்லை. தரையில் வாந்தி. பின்பக்கச் சன்னலில் இரண்டு கண்ணாடியும் இல்லை, மழைச்சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. சட்டத்தில் ரத்தம்.

"தாரணி!" என்று கத்தினேன். பதில் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் மதினிக்கே போன் போட்டேன்.

மணிச்சத்தம் வெளியே கேட்டது. வீட்டுக்குப் பின்னால், கீழே, பூண்டுத் தோட்டத்துப் பக்கம்.

சன்னல் வழியாகவே குதித்து இறங்கினேன். இரண்டு பாத்தி தள்ளி, உரமூட்டை போட்டு வைக்கிற தார்ப்பாய்ப் பந்தலுக்கு அடியில் மதினி சுருண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கையில் துணி சுற்றியிருந்தது, ரத்தம் ஊறிக் கறுத்திருந்தது. மடியில் தாரணி, மதினியின் சேலைக்குள். போன் பக்கத்தில் ஒரு மூட்டைமேல் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது.

பிள்ளையைப் பிடுங்கினேன். கண்ணைத் திறந்தாள். "அம்மா, தலை வலிக்கி" என்றாள். நெஞ்சு விசில் அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

மனோஜ்குமார் சொல்லி டிரைவர் பஸ்ஸைத் திருப்பி வைத்திருந்தார். வேறு ஆள் ஏற்றாமல் எங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். சன்னலையெல்லாம் திறந்துவிடுங்கள், காற்று வரட்டும் என்றார் மனோஜ்குமார். தாரணி என் தோளில் கிடந்து குளிர்காற்றை இழுத்து இழுத்து விட்டாள். மதினிக்கு நிற்க முடியவில்லை. என் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"போன் அடிச்சது கேக்கலயா மதினி?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சத்தமாகப் பட்டது.

"கேட்டுச்சுத்தா."

"பெறகு ஏன் எடுக்கல? அண்ணன் வந்து கதவத் தட்டுனாரே, அப்பவாவது சத்தம் குடுத்துருக்கலாம்ல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "மழைச் சத்தத்துல முதல்ல வெளங்கல. பெறகு பாத்தா ஊரே கூடிருச்சு. நீ ஆசையா வாங்கி வச்ச கண்ணாடி. ரெண்டையும் ஒடச்சுப் போட்டேனே, என்ன சொல்லி எடுக்க? நீ வைவியேன்னு இருந்துட்டேன்."

நெருப்போடு ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர், பிள்ளையைக் காப்பாற்றி வெளியே கொண்டுவந்தவர், எனக்குப் பயந்து மழையில் ஒளிந்திருக்கிறார். மதினி என் அமைதியையும் கோபம் என்றே நினைத்துக்கொண்டார்போல.

"கோவிச்சுக்காதத்தா. கதவு வரல. எம்புட்டோ இழுத்தேன். காலு துவண்டு போச்சு. அம்மிக்குழவி கெடந்துச்சு, அதத் தூக்கினேன். தூக்கிட்டு, ஐயோ இது ரோகிணி கண்ணாடியாச்சேன்னு கீழ வச்சுட்டேன். மறுபடியும் தூக்கினேன், மறுபடியும் வச்சுட்டேன். புள்ள வாந்தி எடுத்துட்டு அப்படியே சாஞ்சுச்சு. அப்பத்தான் ஒடச்சேன்."

அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை. தாரணியை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் மதினியை இழுத்து என்மேல் சாய்த்துக்கொண்டேன். அவர் உடம்பு விறைத்தது. நான் அடிக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்.