பெரிய தெரு முப்பத்தேழாம் நம்பர்

வீட்டு வரி குமாஸ்தாவை யாரும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதில்லை. அளவு நாடாவைக் கையில் பார்த்ததும் முற்றத்தில் நிற்கிற கோழியைக்கூட உள்ளே விரட்டுவார்கள், அதற்கும் ஒரு தொகையை எழுதிவிடுவேனோ என்று பயந்து. தூத்துக்குடிக்கு வடக்கே ஏழு மைலில் இருக்கும் சங்குமுனை டவுன் பஞ்சாயத்தில் நான் பதினோரு வருஷம் அந்த வேலை பார்த்தேன். அத்தனை வருஷத்தில் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டைத்தான் நான் இல்லாமல் ஆக்கினேன்.

பெரிய தெருவில் முப்பத்தேழாம் நம்பர். வீட்டுக்காரர் மரியான் சங்கு குளித்தவர். மூழ்கி மூழ்கி இரண்டு காதும் போய், நாற்பத்தெட்டு வயதில் கரையோடு நின்றுவிட்டார். சம்சாரம் அமலோற்பவம் கருவாடு போட்டு, கூடையில் சுமந்துபோய் தூத்துக்குடியில் விற்பாள். பிள்ளை குட்டி கிடையாது. கடல்கல் சுவரும் ஓலைக் கூரையுமாக இரண்டே அறை. முன்னால் பெரிய தெரு, பின்னால் வலைக்காரச் சந்து.

அந்தக் கரையில் ஒருவருக்கும் பட்டா கிடையாது. பாட்டன் குடிசை போட்ட இடத்தில் பேரன் சுவர் வைத்துக்கொண்டு இருக்கிறான், அவ்வளவுதான். வீட்டு வரி ரசீதுதான் அவர்களுக்குப் பட்டா. அதனால் திட்டிக்கொண்டே கட்டுவார்கள், கட்டிய ரசீதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள்.

எழுபத்து மூன்றில் எல்லா வீட்டுக்கும் புதிதாக மதிப்புப் போடச் சொல்லி உத்தரவு வந்தது. நானும் நாடாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். எங்கள் பஞ்சாயத்தில் கணக்கு ரொம்ப லேசு. தலைவாசல் எந்தத் தெருவைப் பார்த்திருக்கிறதோ அந்தத் தெருவின் மதிப்பு. பெரிய தெரு என்றால் முழு வரி, சந்து என்றால் பாதி. பெரிய தெரு ரிஜிஸ்டர் என்னிடம். சந்துகளின் ரிஜிஸ்டர் பக்கத்து மேஜை வீரபாகுவிடம்.

முப்பத்தேழில் ஸ்டூல் போட்டு, கருப்பட்டிக் காப்பியும் கொடுத்துவிட்டுத்தான் அமலோற்பவம் புது வரி எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன்.

"தாங்காது சார்" என்றாள். "அவுக கடலுக்குப் போற காலம்னாக் கட்டியிருப்போம். இப்ப என் ஒருத்தி கூடைதான்."

காப்பியைக் குடித்துவிட்டுச் சும்மா எழுந்துபோக மனம் வரவில்லை. "பின்னால சந்துல ஒரு வாசல் இருக்குல்லா?" என்று கேட்டேன்.

"இருக்கு. கருவாட்டுக் கூடை அது வழியாத்தான் போகுது."

"அதையே தலைவாசலா வச்சுக்கிடுங்க. தெருவாசலைக் கல்லு வச்சு அடைச்சிருங்க. சந்துக் கணக்குக்குப் போயிரும். பாதி வரிதான்."

அவள் கையாலும் வாயசைவாலும் புருஷனுக்கு விளக்கினாள். மரியான் வாசலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்பா செத்தபோது சவத்தைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போன வாசலாம் அது. பிறகு சரி என்று தலையை ஆட்டினார். அன்றைக்கு நான் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சட்டத்துக்கும் பழுதில்லை, ஏழைக்கும் உதவி.

அடுத்த வாரம் மரியானே நிலையை எடுத்துவிட்டுக் கல்லடுக்கிச் சுண்ணாம்பு பூசி வாசலை அடைத்துவிட்டார். நான் போய்ப் பார்த்து, மேலே சுவரில் அடித்திருந்த நம்பர் தகரத்தைப் பிடுங்கினேன். அதை ஆபீசில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அமலோற்பவம் அது தன்னிடமே இருக்கட்டுமா என்று கேட்டாள். போனால் போகிறது, ஒரு தகரம்தானே என்று கொடுத்துவிட்டேன்.

ஆபீசுக்கு வந்து என் ரிஜிஸ்டரில் முப்பத்தேழுக்கு எதிரே சிவப்பு மையில் எழுதினேன்: "தெருவாசல் இல்லை. நீக்கப்பட்டது." கீழே என் கையெழுத்து, ஆறுமுகநயினார் என்று முழுசாக. பிறகு, இந்த வீட்டைச் சந்துக் கணக்கில் சேர்க்கவும் என்று வீரபாகுவுக்கு ஒரு சீட்டு எழுதினேன். நீக்குவதும் சேர்ப்பதும் ஒரே நாளில், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பது விதி. வீரபாகு தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு. வந்ததும் கொடுத்துக்கொள்ளலாம் என்று சீட்டை ரிஜிஸ்டருக்குள் செருகி வைத்தேன்.

அடுத்த வருஷம் அமலோற்பவம் ஆபீசுக்கு வந்தாள்.

"சார், ஊருக்கெல்லாம் பில்லு வந்துட்டு. எங்களுக்கு வரலியே."

நான் தலையைத் தூக்கவில்லை. "பில்லு வந்துட்டுதேன்னு அழுறவுகளைப் பாத்திருக்கேன். வரலன்னு அழுற ஆளை இப்பத்தான் பாக்கேன். வரும்போது வரும், போங்க."

ஆபீசே சிரித்தது. எல்லோரையும்விட வீரபாகு அதிகம் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு, மேஜையில் ஒரு பொட்டலம் வாளைக் கருவாடு வைத்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த வருஷமும் வந்தாள், அதே கேள்வி, அதே பதில், அதே கருவாடு. பஞ்சாயத்துக்கு வர வேண்டிய வரி வராமல் போகிறதே என்று நானும் நினைக்கவில்லை. அவளுக்கு மிச்சம்தானே என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எழுபத்தாறில் ரோடு வந்தது. புதுத் துறைமுகத்துக்கு உப்பு லாரிகள் போக ஊருக்கு நடுவே அகலமான பாதை, பெரிய தெருவின் கிழக்கு வரிசை முழுவதும் போகிறது என்றார்கள். நாற்பத்தொரு வீடு. அது அவசரநிலைக் காலம். தலைவர், மெம்பர் யாரும் கிடையாது, சத்தமாகப் பேசவே ஊர் பயந்தது. வீடு போகிறவர்களுக்குப் தூத்துக்குடிக்கு மேற்கே புதுக்கோட்டைக் கிராமத்துப் பக்கம் ரோட்டோரமாக இரண்டு சென்ட் மனை தருவார்கள். ஒரே ஒரு நிபந்தனை, அறிவிப்பு வந்த தேதியில் பஞ்சாயத்து ரிஜிஸ்டரில் வீடு இருக்க வேண்டும். இல்லாதது ஆக்கிரமிப்பு, மனை கிடையாது.

பட்டியலை என் ரிஜிஸ்டரைப் பார்த்து நானேதான் எழுதினேன். முப்பத்தாறு எழுதினேன். அடுத்து என் சிவப்பு மை. சரி, சந்துக் கணக்கில் இருக்குமே என்று வீரபாகுவின் ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டினேன். இல்லை. மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். இல்லை.

"என்னவே தேடுதீரு?" என்றான் வீரபாகு.

"எழுபத்து மூணுல ஒரு சேர்த்தல் சீட்டு தந்தேனே."

"எனக்கு ஒரு சீட்டும் தரலியே நீரு."

சீட்டு என் ரிஜிஸ்டரிலேயே இருந்தது. ஓரமெல்லாம் அழுக்கேறி, நாலாக மடிந்து. மூன்று வருஷமாக நான் அதைத்தான் பக்க அடையாளத்துக்கு வைத்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எழுதுவேன், சாயங்காலம் திரும்பச் செருகிவிட்டு மூடுவேன். ஒரு நாளும் பிரித்துப் பார்க்கவில்லை. அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நிர்வாக அதிகாரி கிருபாநிதியிடம் போனேன். நல்ல மனுஷர்தான், ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லி, தவறு என்னுடையது என்று எழுதி வைத்திருந்த கடிதத்தையும் நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

"அந்தம்மாட்ட பழைய ரசீது இருக்குமே?"

"எழுபத்து ரெண்டு வரைக்கும் இருக்கு சார்."

"ரசீதை வச்சுப் பாத்தா, எழுபத்து ரெண்டு வரை வீடு இருந்துச்சு. ரிஜிஸ்டரை வச்சுப் பாத்தா, எழுபத்து மூணுல வீடு போச்சு. இப்ப அங்க ஒரு வீடு நிக்குதுன்னா, அது பிற்பாடு கட்டுன வீடு. ஆக்கிரமிப்பு. ரோட்டு ஆபீஸ்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

"இப்பச் சேத்துக்கிடலாமே சார்."

"தேதி போயாச்சு. இனி ஒரு எழுத்துச் சேத்தாலும் உமக்கும் எனக்கும் சேத்து விலங்கு." கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். "இதை வேணும்னா வாங்கிக்கிடுதேன். உம்ம வேலை போகும். அவளுக்கு மனை வராது. ரெண்டும் நிச்சயம். யோசிச்சுச் சொல்லும்."

யோசித்தேன் என்று சொன்னால் பொய். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், கையெட்டிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனேன், அங்கிருந்து ரோட்டு ஆபீசுக்கு. இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், ரிஜிஸ்டரில் என்ன இருக்கிறது? அந்தக் கேள்வியை நானே பதினோரு வருஷமாக எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன். பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அமலோற்பவத்திடம் சொல்ல வேண்டியதும் நான்தான். சந்து வாசல் வழியாகப் போனேன். மரியான் உடனே ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"எங்க பேரு பட்டியல்ல விட்டுப்போச்சுன்னு சொல்லுதாகளே, நெசமா சார்?" என்று கேட்டாள். ஜெபப் புத்தகத்திலிருந்து ரசீதுகளை எடுத்து மடியில் அடுக்கி வைத்திருந்தாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். நான் ஒரு சீட்டைக் கொடுக்க மறந்தேன், அதனால் உங்கள் வீடு போகிறது என்று ஒரே வரி. அதற்குப் பதிலாக, "ரிஜிஸ்டர்ல தெருவாசல் இல்லைன்னு எழுதியிருக்கு. அதான்" என்றேன்.

"வாசல் இல்லாததாலயா?"

"ஆமா."

"நீங்கதான அடைக்கச் சொன்னிய?" அவள் குற்றமாகக் கேட்கவில்லை. சந்தேகத்துக்குத்தான் கேட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் புருஷனுக்குக் கையசைத்து ஏதோ சொன்னாள். அவர் அடைத்திருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார். "சரி சார், பாத்துக்கிடுதோம்" என்றாள் அவள். என்னத்தைப் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இடிக்கிற அன்று பட்டியலோடு நான் நிற்க வேண்டும் என்று ஆர்டர். ஒவ்வொரு வீடாக நம்பரைப் படிக்க வேண்டும், வீட்டுக்காரரிடம் மனைச் சீட்டைக் கொடுக்க வேண்டும், பட்டியலில் கோடு போட வேண்டும். அதற்குப் பிறகு கடப்பாறைக்காரர்கள் ஏறுவார்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. ஜனங்கள் பெட்டி, பாய், மாதா சுரூபம் எல்லாவற்றையும் தெருவில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முப்பத்தாறில் கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

அடைத்திருந்த வாசல் திறந்திருந்தது.

மரியான் விடியற்காலையிலேயே கல்லை எல்லாம் பெயர்த்து எடுத்திருக்கிறார். பெயர்த்த கல்லைத் தெருவோரம் ஒழுங்காக அடுக்கி, இடத்தைக் கூட்டியும் விட்டிருந்தார்கள். நிலை எங்கிருந்தோ வந்திருந்தது, ஒரு கால் குட்டை, அதற்கு ஓட்டுத் துண்டு அண்டக் கொடுத்திருந்தார்கள். நிலைக்கு மேலே பழைய நம்பர் தகரம், கருவாட்டு உப்பில் துருப்பிடித்து, முப்பத்தேழு என்று. அமலோற்பவம் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, பூசைக்குப் போகிறவளாட்டம் வாசலில் நின்றாள். மற்ற வீட்டுக்காரர்கள் மாதிரி அவள் ஒரு சாமானையும் வெளியே எடுத்து வைக்கவில்லை.

"வாசல் வச்சாச்சு சார்" என்றாள். "இப்ப எழுதிக்கிடுங்க."

கடப்பாறைக்காரர்களின் மேஸ்திரி பட்டியலை எட்டிப் பார்த்தான். "முப்பத்தாறுக்கு அடுத்து முப்பத்தெட்டுல்லா இருக்கு. இது எந்த நம்பர் சார்?"

தெருவே என்னைப் பார்த்தது. மரியான் என் முகத்தைப் பார்த்தார், பிறகு உள்ளே போய் ஸ்டூலை எடுத்துவந்து வாசலுக்கு நேரே தெருவில் போட்டார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினார்.

நான் உட்காரவில்லை. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே பையிலிருந்து நாடாவை எடுத்தேன். பதினோரு வருஷப் பழக்கம். நாடாவைக் கண்டதும் அமலோற்பவம் மறுமுனையை வாங்கி நிலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அளவு பிசகிவிடக் கூடாது என்று.

"எவ்வளவு சார்?"

"மூணேகால் அடி."

"எழுதிக்கிட்டியளா?"

மேஸ்திரி பின்னால் நின்று பொறுமையில்லாமல் கனைத்தான். ரிஜிஸ்டர் ஆபீசில் இருந்தது, பட்டியலில் எழுத இடமில்லை. சட்டைப் பையில் அந்தப் பழைய சீட்டுதான் இருந்தது. அதன் பின்பக்கத்தில் மூணேகால் அடி என்று எழுதி, எழுதிவிட்டேன் என்று சொன்னேன்.